நாவல்கொட்டைப் பொடியும் வாப்பாவின் கால்விரலும்

அன்பு மகள் லாமியாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் கீழக்கரையில் எல்லோரும் நலமாக இருக்கிறோம், கோலாலம்பூரில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீயும் அழுகிறாய், நானும் அழுதுவிடுகிறேன், அதனால்தான் உன் சாச்சா மகன் தாஹா அங்கே வருவது தெரிந்து இதை எழுதிக் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் நல்ல செய்தி. வாப்பாவின் கால் புண் ஆறிவருகிறது, விரலை எடுக்க வேண்டியதில்லை என்று ராமநாதபுரம் டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார். நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது. உன் ஆராய்ச்சியில் நாவல்பழத் தோலில் இருக்கிற ஊதாச் சத்தைக் கொடுத்ததில் எலிகளுக்குச் சர்க்கரையும் வீக்கமும் குறைந்தது என்று நீ போனில் சொன்னாய் அல்லவா, அந்தச் சந்தோஷத்தில் அவர் பள்ளிவாசலுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லி, எனக்குத் தெரியாமல் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, தோலும் கொட்டையும் ஒன்றுதான் என்று நினைத்து நாவல்கொட்டைப் பொடியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். கடற்கரையில் சிப்பி கிழித்த சின்னக் காயம், கால் முழுக்க வீங்கிக் காய்ச்சலில் அவர் உளற ஆரம்பித்த பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. டாக்டர் கேட்டதற்கு, "எம்மக படிச்சுக் கண்டுபிடிச்சது" என்று அந்த நிலையிலும் பெருமையாகச் சொன்னார். டாக்டர் கோபப்படவில்லை. "உங்க மக பாக்குறது நல்ல வேலைதான், ஆனா அது மனுசனுக்கு மருந்தா வர இன்னும் எவ்வளவோ சோதனை இருக்கு, அதுவரைக்கும் மாத்திரைய விட்டுறாதீங்க" என்றார்.

எல்லாம் என்னால்தான், ஆராய்ச்சியை விட்டுவிட்டு வந்துவிடுகிறேன் என்று நீ அழுததை வாப்பாவிடம் சொன்னேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் தாஹாவின் தோளைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசல் முன்னால் நின்று, "குணமானது எலிக்கு, எனக்கில்ல. என் பேச்சக் கேட்டு மாத்திரைய நிறுத்துனவங்க இன்னைக்கே போடுங்க. எம்புள்ள சொன்னதுல தப்பில்ல, நான் வெளங்கிக்கிட்டதுலதான் தப்பு" என்று சொன்னாராம். அப்படி நிறுத்தியிருந்த பக்கத்து வீட்டு காதர் மைதீன் மாமா மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார். இப்போது உன் வாப்பா வேளை தவறாமல் மாத்திரை போடுகிறார், பொடி டப்பாவை அவரே தூக்கிப் போட்டுவிட்டார். "பாதியில விட்டுட்டு வந்தா வாசல்லயே நிறுத்திருவேன்னு அவகிட்ட சொல்லு" என்று எழுதச் சொன்னார், ஆகையால் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாமல் வேலையைப் பார்.

அல்லாஹ் உனக்கு நல்ல ஆயுளையும் பயனுள்ள அறிவையும் தருவானாக என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ செய்கிறேன். ஒன்று மறந்துவிடாதே, இந்த நோய் நம் குடும்பத்தில் ஓடுகிறது, எலிகளின் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருக்காமல் உன்னுடையதையும் ஒருமுறை பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

உன் உம்மா
நூர் நிஷா