அம்மா சீட்டு போட்ட ஆயிரத்து இருநூறு ஆட்டம்

ஜூலை 5, சனி

சார்ட் முழுசும் மனப்பாடம்! பார்க்காமல் எழுதிவிட்டு, போனில் இருப்பதோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு கட்டம்கூடத் தப்பில்லை. இருநூற்றுச் சொச்சம் கட்டம். செமஸ்டருக்கு ஒரு தேற்றம் நிற்க மாட்டேன் என்கிறது, இது எப்படி நின்றது?

பிளாக்ஜாக் எவ்வளவு அழகான ஆட்டம்! என் சீட்டுகளின் கூட்டுத்தொகை இருபத்தொன்றை நெருங்க வேண்டும், தாண்டினால் அவுட். சீட்டு போடுகிறவருடைய ஒரே ஒரு சீட்டு மட்டும் கண்ணுக்குத் தெரியும். அதையும் என் கூட்டுத்தொகையையும் வைத்து முடிவெடுக்க வேண்டும். நான் பன்னிரண்டு, எதிரே நாலு: நிறுத்து. நான் பன்னிரண்டு, எதிரே ஏழு: இன்னொரு சீட்டு கேள். எல்லாவற்றுக்கும் அந்தச் சார்ட்டில் விடை போட்டு வைத்திருக்கிறார்கள்.

அப்படி ஒரு தப்பும் இல்லாமல் ஆடினாலும், கடைசியில் சீட்டு போடுகிறவர்தான் அரை சதவீதம் முன்னால் நிற்பார். எனக்கு ரொம்பப் பிடித்ததே அதுதான். இவ்வளவு மூளையைச் செலவழித்து, மிகக் குறைவாகத் தோற்பது எப்படி என்று கண்டுபிடித்திருக்கிறார்கள்!

ஆரிபாவிடம் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இதைச் சொன்னேன். பள்ளிக்கூடத்திலிருந்து என் கூட்டாளி, இப்போது கிருஷ்ணன்கோவிலில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். "ஏட்டி, தோக்குறதுக்கு எதுக்குட்டி இம்புட்டுப் படிப்பு?" என்றாள். அவளுக்கு ரசனை இல்லை.

ஜூலை 9, புதன்

செப்டம்பரில் மதுரையில் மாணவர் கருத்தரங்கு. எங்கள் கணிதத் துறையிலிருந்து ஒரே ஒரு ஆள். நான் செகண்ட் இயர். செகண்ட் இயரிலிருந்து இதுவரை யாரும் போனதில்லை. எப்போதும் தேர்ட் இயர்தான். இந்த வருடம் செல்வலட்சுமி அக்கா என்று எல்லோருமே முடிவு செய்துவிட்டார்கள்.

நான் போய் ஜெயசித்ரா மேம் முன்னால் நின்றேன். இருபது நிமிஷம் மூச்சு விடாமல் பேசினேன். சாக்பீஸ் கேட்டு வாங்கி சுவரில் எழுதப் போனேன், மேம் கையைப் பிடித்துவிட்டார்.

"நீ சொன்னது அம்புட்டும் யூடியூப்ல இருக்கு. இதுல உன்னோடது எது நாச்சியார்?"

சாக்பீஸை மேஜைமேல் திருப்பி வைத்தேன்.

"ஆயிரம் ஆட்டம் கையால ஆடு. ஒவ்வொண்ணையும் எழுது. பொறவு பேசுவோம். காசு வச்சு ஆடுனன்னு தெரிஞ்சது, தொலைச்சிருவேன்."

ஆயிரமா? ஆயிரத்து இருநூறே ஆடுவேன்.

ஜூலை 13, ஞாயிறு

சீட்டு போட ஆள் வேண்டுமே. அப்பா லாரியில் எங்கேயோ நாக்பூர் பக்கம். மிச்சம் அம்மாதான்.

"பொம்பளப்பிள்ள உக்காந்து சீட்டாடவா? நல்லாருக்குட்டி."

"பாடம்மா. நல்லாப் பண்ணா மதுரைக்குக் கூட்டிட்டுப் போவாங்க."

"மதுரைக்கு மாட்டுத்தாவணி பஸ்ல ஏறுனாப் பத்தாதா?"

அப்படிச் சொன்னாளே தவிர வந்து உட்கார்ந்துவிட்டாள். அம்மா பதினாலு வருஷமாக சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் தாள் எண்ணுகிறாள். கட்டைக் கையில் வாங்கி ஒரு விசிறு விசிறினாள் பாருங்கள், நாலு கட்டுச் சீட்டும் ஒரே ஆள் சொன்னபடி கேட்கிற மாதிரி கலைந்தது. வீடியோவில் வருகிறவர்கள் எல்லாம் தோற்றார்கள்.

அவளுக்கு ஒரே விதிதான் சொல்லிக்கொடுத்தேன்: பதினேழு வரும்வரை எடுக்க வேண்டும், வந்ததும் நிறுத்த வேண்டும். யோசிக்கக் கூடாது. பந்தயத்துக்குப் புளியமுத்து. ஆளுக்கு இருநூறு.

இன்று 46 ஆட்டம். கை வலிக்க எழுதினேன்.

ஜூலை 16, புதன்

பதினாறு! பதினாறு! பதினாறு! இதைவிடக் கேவலமான கை உலகத்தில் இல்லை. எதிரே ஏழோ அதற்கு மேலோ தெரிந்தால் கேட்டே ஆக வேண்டும் என்கிறது சார்ட். கேட்டால், பதிமூன்று வகைச் சீட்டில் எட்டு வகை (ஆறிலிருந்து பத்து வரை, பத்தாக எண்ணுகிற மூன்று படச் சீட்டு) வந்தாலும் அவுட். இன்று ஆறு தடவை பதினாறு வந்தது. ஆறு தடவையும் தலையில் கை வைத்து முனகினேன். ஆனாலும் சார்ட் சொன்னபடி கேட்டேன். பயந்து நிறுத்துகிறவன் ரசிகன் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

இதுவரை 331 ஆட்டம். பதினெட்டு முத்து முன்னால் இருக்கிறேன்!!

ஜூலை 28, திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர், உள்ளூர் விடுமுறை. அம்மா கூட்டத்துக்குள் போய் வடத்தைத் தொட்டுவிட்டு மதியமே வந்துவிட்டாள். சாப்பிட்டுவிட்டு 140 ஆட்டம். அம்மாவுக்கு வேகம் வந்துவிட்டது. நான் எழுதி முடிப்பதற்குள் அடுத்த கை போட்டுவிட்டு, "ம், சீக்கிரம்" என்கிறாள்.

ஆகஸ்ட் 9, சனி

முடிந்தது. 1200 ஆட்டம்.

நாற்பத்து நாலு முத்து லாபம்! தோற்க வேண்டிய ஆட்டத்தில் லாபம்! சார்ட்டை எழுதினவர்களே அரை சதவீதம் தோற்பார்கள், இங்கே ராஜபாளையத்தில் வீட்டில் உட்கார்ந்து ஒருத்தி ஜெயிக்கிறாள். எப்படி? நான் ஒரு சின்ன விஷயத்தைச் சரியாகச் செய்கிறேன் போல, எது என்றுதான் தெரியவில்லை. ஸ்டேட்டஸ் போட்டாச்சு.

ஆகஸ்ட் 11, திங்கள்

எனக்குத்தான்! மதுரை எனக்குத்தான்!! மேம் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். "கையால எழுதிருக்க, பாவி" என்றார். தலைப்பு கேட்டார். 'சார்ட்டை வென்ற 1200 ஆட்டங்கள்' என்றேன். அப்படியே அனுப்பிவிட்டார். செல்வலட்சுமி அக்கா வந்து கை கொடுத்தாள். கண்ணைப் பார்க்க முடியவில்லை எனக்கு.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆரிபா வீட்டுக்கு வந்தாள், லேப்டாப்போடு. இதே விதியில் பத்து லட்சம் ஆட்டம் ஆடுகிற புரோகிராம் எழுதியிருக்கிறாள். சராசரியாக 1200 ஆட்டத்துக்கு ஆறு முத்து நஷ்டம் என்று வருகிறது.

"எனக்கு நாப்பத்தி நாலு லாபம்டி."

"அதிர்ஷ்டம்கூட இருக்கலாம்ட்டி. ஆனா மேடையில போயி அதிர்ஷ்டம்னு சொல்லுவியா? ஒவ்வொரு கையா பிரிச்சுப் பாரு. எங்க ஜெயிச்சன்னு தெரியும்ல."

எரிச்சலாக இருந்தது. ஆனால் அவள் சொல்வது சரிதான். என்னுடைய திறமை எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் நல்லதுதானே?

ஆகஸ்ட் 19, செவ்வாய்

ஆட்டம் எழுதின நோட்டைக் கூட்டுத்தொகை வாரியாகப் பிரித்துவிட்டேன். மூன்று மணி நேரம்.

பன்னிரண்டில் சீட்டு கேட்டு அவுட் ஆனது: கணக்குப்படிதான். பதிமூன்று: கணக்குப்படி. பதினாலு, பதினைந்து: கணக்குப்படி.

பதினாறில் மட்டும் 81 தடவை கேட்டிருக்கிறேன். ஐம்பது தடவை அவுட் ஆகியிருக்க வேண்டும். ஆனது முப்பத்தொன்று.

நான் எவ்வளவு கெட்டிக்காரியாக இருந்தால் என்ன? சீட்டு கேட்ட பிறகு எனக்கு அங்கே வேலையே இல்லையே. மேலே இருப்பது வரும். அவ்வளவுதான்.

ஆரிபாவுக்கு போன் போட்டேன். நம்பரையெல்லாம் சொன்னேன். பொறவு, "ஏட்டி, பதிமூணுல எட்ட ரெண்டு தடவ பெருக்கிப் பாரு" என்றாள்.

பெருக்கினேன். எட்டெட்டு அறுபத்து நாலு, கீழே நூற்று அறுபத்தொன்பது. அதை எண்பத்தொன்றால் பெருக்கினால் 30.7.

முப்பத்தொன்று!!

அதாவது, பதினாறு வரும்போதெல்லாம் முதல் சீட்டு அவுட் என்றால் எனக்கு இன்னொரு சீட்டு கிடைத்திருக்கிறது. இரண்டாவதும் அவுட் என்றால் அவுட்தான். ஒவ்வொரு பதினாறுக்கும் ஒரே ஒரு தடவை மட்டும் யாரோ மன்னித்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. சீட்டு போட்டது ஒரே ஆள்.

ஆகஸ்ட் 20, புதன்

அம்மா வேலை முடிந்து வந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன்.

"யம்மா, எனக்குப் பதினாறு வரும்போது மேல இருக்குற சீட்ட விட்டுட்டு அடுத்தத போட்டியா?"

"ஆமா."

ஆமாவாம்! கத்தரிக்காயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏம்மா?"

"பதினாறுன்னதும் தலையில கைய வச்சுக்கிட்டு மொகத்த அப்பிடி வச்சிருக்க. மேல பத்து இருக்குன்னு எனக்குத் தெரியுது. அத எப்பிடிட்டி எடுத்து உன் முன்னால போடுவேன்?"

"எப்பிடித் தெரியும்?"

"கட்டைவிரல்ல ஓரத்த இம்புட்டு தூக்குனாப் போதும். ஒட்டுன தாளு, கிழிஞ்ச தாளு எல்லாம் அப்பிடித்தான பாக்கேன்."

"அந்தப் பத்து எங்க போச்சு?"

"எங்க போகும்? மேலயேதான் இருக்கும். அடுத்தது எனக்குத்தான வரணும். நான் எடுத்துக்கிடுவேன்."

"ரெண்டாவதும் பத்தா இருந்தா?"

இப்போதுதான் நிமிர்ந்தாள். "அதப் போட்டுருவேன். ஒரு தடவதான் விடுவேன். ரெண்டு தடவ விட்டா அது கள்ளாட்டம்லா?"

ஆகஸ்ட் 21, வியாழன்

காலேஜ் போகல. எல்லாம் போச்சு. ஆயிரத்து இருநூறு ஆட்டமும் போச்சு. தலைப்பு மதுரைக்குப் போயிருச்சு. ஸ்டேட்டஸ பாத்துட்டு மாமா பிள்ளைங்க எல்லாம் ஹார்ட் போட்டிருக்குதுக. சொல்லாம விட்டா யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. ஆரிபாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியும் — மேடையில நின்னு நான் கெட்டிக்காரின்னு எப்பிடிச் சொல்லுவேன்?

அம்மா வேலைக்குக் கிளம்பும்போது, "நான் என்னட்டி பண்ணேன், உன்ன ஜெயிக்கத்தான வச்சேன்" என்றாள். குரல் ஒரு மாதிரி இருந்தது. அவளைத் திட்டவும் முடியவில்லை. சிரிப்பு வேறு வந்து தொலைக்கிறது. ஒரு தடவைதானாம். கள்ளாட்டத்துக்கு ஒரு அளவு வைத்திருக்கிறாள்!

நாளைக்கு மேமிடம் சொல்லப் போகிறேன். செல்வலட்சுமி அக்கா போகட்டும்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

சொல்லிவிட்டேன். நின்றுகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டே. மேம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் அழுதுவிடுவேன் போல இருந்தது.

"இத நீ எப்பிடிக் கண்டுபிடிச்ச?"

பதினாறு, எண்பத்தொன்று, முப்பத்தொன்று எல்லாம் சொன்னேன். ஆரிபா பெருக்கச் சொன்னதையும் சொன்னேன்.

"ஒரு தடவதான் விட்டாங்கன்னு அம்மா சொல்லித் தெரிஞ்சுதா? முன்னாடியே தெரிஞ்சுதா?"

"முன்னாடியே மேம். முந்தின நாளே எழுதி வச்சிருக்கேன்."

"எங்க?"

பையிலிருந்து இந்த நோட்டை எடுத்து 19-ம் தேதிப் பக்கத்தை மட்டும் காட்டினேன். மற்றப் பக்கத்தை எல்லாம் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மேம் இரண்டு தடவை வாசித்தார். சிரிக்க ஆரம்பித்தார். பக்கத்து மேஜை சார் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார்.

"ஏ பிள்ள, கண்ணால பாக்காம, வெறும் நம்பர வச்சு உங்க அம்மா மனசுக்குள்ள என்ன விதி இருக்குன்னு சொல்லிருக்க. யூடியூப்ல இது எங்க இருக்கு?"

தலைப்பை இப்போதே மாற்றி அனுப்புகிறேன் என்றார். அப்புறம்:

"உங்க அம்மா லீவு போட முடியுமா?"

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது, உட்காரத்தான் முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி. மதுரை

பஸ்ஸில் திரும்பும்போது எழுதுகிறேன், கையெழுத்து குதிக்கிறது.

மேடையில் ஒரு மேஜை. பச்சைச் சேலையில் அம்மா. மூன்று நடுவர்கள் எதிரே. மாறி மாறி அவர்களுக்குப் பதினாறை வைத்து, ஒவ்வொரு சீட்டாகப் போட்டு, அடுத்த சீட்டை அம்மா தனக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது தடவை. நியாயமாகப் போட்டால் பதினெட்டோ பத்தொன்பதோ அவுட் வர வேண்டும். அம்மாவின் விதிப்படி போட்டால் பதினொன்றை ஒட்டி வரும் என்று நான் முன்கூட்டியே எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டேன்.

"இவங்க ஏதோ பண்றாங்க, என்னன்னு கண்டுபிடிங்க சார்" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றேன்.

கண்ணாடி போட்ட நடுவர் எழுந்து வந்து அம்மா கையருகே குனிந்தார். இன்னொருவர் போனில் வீடியோ எடுத்தார். முன்வரிசைப் பையன்கள் எல்லாம் மேடைக்கே ஏறி வந்துவிட்டார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"கை சுத்தமாத்தான் இருக்கு," என்றார் அந்த நடுவர்.

அம்மா மைக் பக்கம் சாய்ந்து, "நான் ஒண்ணும் பண்ணலயே சார்," என்றாள். அப்படி ஒரு பொய்யை அவ்வளவு மரியாதையாக நான் கேட்டதே இல்லை.

முப்பது முடிந்தது. அவுட் ஆனது பன்னிரண்டு. உறையைப் பிரித்தார்கள். அரங்கம் முழுக்கக் கைதட்டல். நான் கரும்பலகையில் எட்டெட்டு அறுபத்து நாலு போட்டு விளக்கி முடிக்கும்வரை அம்மா இறங்காமல் அங்கேயே நின்று, ஏதோ புரிகிற மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் பரிசு. முதல் பரிசு திருச்சிப் பையன் ஒருத்தனுக்கு, மேகம் நகர்வதைப் பற்றி ஏதோ கணக்கு, எனக்குப் புரியவில்லை. புரியாததால் அவன்தான் பெரியவன் என்று ஒத்துக்கொண்டேன். ஆரிபா பெயரும் சான்றிதழில் உண்டு, மேம்தான் சேர்க்கச் சொன்னார்.

அம்மா ஜன்னலோரம் தூங்குகிறாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஞாயிறானால் துணி ஊறவைக்கிற அம்மா இன்று ஊறவைக்கவில்லை. பாயை விரித்தாள். கட்டை என் பக்கம் தள்ளினாள்.

"எந்நேரமும் நானே போடணுமா? இன்னிக்கு நீ போடு. நான் ஆடுதேன்."

சார்ட்டை எடுத்து முன்னால் வைத்தேன். ஒரு தடவை பார்த்துவிட்டு மடித்து முழங்காலுக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

நாலாவது கையிலேயே பத்தொன்பது வந்தது. உலகத்தில் யாரும் பத்தொன்பதில் சீட்டு கேட்க மாட்டார்கள்.

"போடு," என்றாள்.

"யம்மா, கேக்கக் கூடாது. பதிமூணுல பதினொண்ணு அவுட்டும்மா."

"போடுட்டி."

போட்டேன். ரெண்டு. இருபத்தொன்று!

"இது தப்பான ஆட்டம்மா," என்றேன். "நெடுக இப்பிடி ஆடுனா தோத்துருவ."

"சரிட்டி, தப்புதான்," என்றாள், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. "முத்த இங்கிட்டுத் தள்ளு."