முன்னால் ஓட்டுகிறவள்

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். முழங்காலைத் தவிர நானும் நலம். நீ நலமா என்று கேட்கவில்லை. உனக்கு எப்போது எது கெட்டுப்போயிருக்கிறது?

அம்மா உன்னை வேளைக்குச் சாப்பிடச் சொன்னாள். அவள் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது நான். கண்ணை மூடிக்கொண்டு அவள் பேசுவதெல்லாம் உன்னைப் பற்றி. சரி, அது கிடக்கட்டும்.

இது நானாக எழுதும் கடிதம் இல்லை. நம் சைக்கிள் சங்கம் எழுதச் சொல்லி எழுதுகிறேன். பாலத்துச் சாலையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை வந்துவிட்டது. வெறும் வெள்ளைக் கோடு இல்லை, லாரி ஏற முடியாத உயரத்துக்குக் கல் தடுப்பு வைத்த பாதை. அடுத்த மாதம் திறப்பு. அதில் முதல் சைக்கிளை நீதான் ஓட்ட வேண்டுமாம். கூட்டத்தில் ஒரே குரலாகச் சொல்லிவிட்டு, அழைப்பு எழுதும் வேலையைச் செயலாளரான என் தலையில் கட்டினார்கள். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பது இதுதான்.

சங்கத்தைத் தொடங்கியவள் நீ, இல்லை என்று சொல்லவில்லை. வேலை கிடைத்ததும் பறந்துவிட்டாய். பிறகு மாநகராட்சி அலுவலக மரப்பெஞ்சில் காத்துக் கிடந்தது யார்? பாதை வந்தால் கடை வாசலில் வண்டி நிறுத்த முடியாது என்று சண்டைக்கு வந்த மருந்துக்கடைக்காரரை, 'உங்ககிட்ட வாங்குறவங்கள்ல பாதிப்பேர் சைக்கிள்லதான் வர்றாங்க, பாருங்க' என்று அவர் வாசலிலேயே நின்று காட்டி வழிக்குக் கொண்டுவந்தது யார்? ஆனாலும் எது நடந்தாலும் தையல்கடைக்காரர் தன் பெரிய மீசையைத் தடவிக்கொண்டு, 'தங்கச்சி இருந்திருந்தா இன்னும் சீக்கிரம் முடிஞ்சிருக்கும்' என்பார். ஞாயிறு ஓட்டத்தில், வரிசைக் கடைசியில் நீ வரும் இடத்தைக் காலியாக விட்டே ஓட்டுகிறார்கள். உயிரோடு இருக்கிற ஒருத்திக்கு இப்படி இடம் விடுவதை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்குப் பொறாமைதான். சுற்றி வளைப்பானேன்?

நம் சங்க விதிகளில் முதலாவதாக நீ எழுதியது உனக்கு நினைவிருக்கும். கூட்டத்தில் யார் மிக மெதுவோ அவரே முன்னால் ஓட்ட வேண்டும், அவரை யாரும் முந்தக் கூடாது. கேட்டவர்கள் எல்லோரும் உன் நல்ல மனசைப் புகழ்ந்தார்கள். தொடங்கிய நாளிலிருந்து முன்னால் ஓட்டியது நான். வழியில் நிற்பவர்கள் நான்தான் தலைவி என்று நினைத்துக் கையாட்டுவார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு விஷயம் தெரியும். நீயோ கடைசியில் ஒற்றைக் கையால் ஓட்டியபடி எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டு வருவாய்.

அதனால்தான் நீ போனதும் அந்த விதியைத் தூக்கினேன். அந்தச் சமயத்தில் மாநகராட்சி, தடுப்பெல்லாம் முடியாது, கோடு போட்டுத் தருகிறோம் என்றது. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதை. கோடே போதும் என்று நம் ஆட்களில் பாதிப்பேர் சோர்ந்துவிட்டார்கள். நான் சாலைப் பொறியாளரை எங்களோடு ஒருமுறை ஓட்டிப் பார்க்கக் கூப்பிட்டேன். பார்க்கக் கம்பீரமாக இருக்கட்டும் என்று வேகக்காரர்களை முன்னால் விட்டேன்.

விட்டதுதான் தாமதம், பறந்துவிட்டார்கள். நான் பின்தங்கினேன். எனக்கும் பின்னால் பொறியாளர். பள்ளிக்கூடம் முடித்த பிறகு சைக்கிளைத் தொடாத மனிதர். பாலத்து மேட்டில் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ஒரு லாரி தோளை உரசுகிற மாதிரி போயிருக்கிறது. பாலத்துக் கைப்பிடியைக் கட்டிக்கொண்டு நின்றார். திரும்பிப் போய்த் தண்ணீர் கொடுத்தேன். வாங்கிக் குடித்துவிட்டு, 'ஏம்மா, தினமும் இதுலயா போறீங்க? கோடு போட்டா லாரிக்காரன் மதிக்கவா போறான்?' என்று கேட்டார். போன கையோடு திட்டத்தைத் திருத்திக் கல் தடுப்பு என்று எழுதிவிட்டார்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று யாராவது சொல்லியிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். மீசைக்காரர் சொன்னது வேறு. 'ஆளைத் தனியா விட்டாத்தான் புரியும்னு தங்கச்சி போன்ல சொல்லிக் குடுத்திருக்கும், என்ன மூளை!' என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் செய்த தப்புக்குக்கூட நீ பெயர் வாங்கிவிட்டாய்.

பாதை கட்டி முடியும்வரை கொதித்துக்கொண்டிருந்தேன். முதல் சைக்கிள் உனக்கு என்று முடிவானதும் இன்னொரு கூட்டம் கூட்டி, உன் பழைய விதியை அப்படியே திரும்பக் கொண்டுவரலாம் என்றேன். பொறியாளர் பட்ட பாட்டுக்குப் பிறகு மறுக்க யாருக்கு வாய் வரும்? தங்கையின் மேல் அக்காவுக்கு எவ்வளவு பாசம் என்று மீசைக்காரருக்குக் கண்ணே கலங்கிவிட்டது. எல்லோரும் கை தூக்கிய பிறகு, இது திறப்பு நாளுக்கும் சேர்த்துத்தானே என்று கேட்டேன். முதல் சைக்கிள் யாருடையது என்று அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது.

ஆகவே நீ அவசியம் வர வேண்டும். விதி உன்னுடையது, நீயே மீற மாட்டாய். இந்த முழங்கால் இனி பழையபடி ஆகாது என்று மருத்துவர் சொன்னபோது, முதல்முறையாக அது எனக்கு நல்ல செய்தியாகப் பட்டது.

ஒரே ஒரு கவலை. அங்கே நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தே இருப்பதாகவும், சைக்கிளை எடுத்து மாதக்கணக்காகிறது, மாடி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்றும் அம்மாவிடம் சொன்னாயாமே. அதைக் கேட்டதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. இதிலும் எனக்குப் போட்டிக்கு வராதே. இன்றைக்கே சைக்கிளைத் துடைத்து எடு. மேடாகப் பார்த்து ஓட்டு. நேரத்துக்குச் சாப்பிடு. உன் கால்கள் வலுவாக இருக்கட்டும், மூச்சு நீளமாக இருக்கட்டும், உடம்பில் ஒரு குறையும் அண்டாமல் இருக்கட்டும். மனதார வாழ்த்துகிறேன். என்னைவிட மெதுவாக மட்டும் வந்துவிடாதே.

வரிசையில் உன் இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. கடைசியில் இருந்ததை எனக்கு நேர் பின்னால் மாற்றி வைத்திருக்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்,
அக்கா