வெலிங்டனில் ஆடிய சனிக்கிழமை

டனீடன், நியூசிலாந்து
2 ஜூன் 1953

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

இடது காதைத் தவிர நான் முழுசாக இருக்கிறேன். போன ரக்பி ஆட்டத்தில் எதிரணி ஆட்டுப்பண்ணைக்காரர் ஒருவர் அதை மிதித்துவிட்டார். ஆட்டம் முடிந்ததும் அவரே வீட்டுக்குக் கூட்டிப்போய், கல்யாணப் பந்திக்கு ஆகும் இறைச்சியை என் ஒரு தட்டில் வைத்தார்.

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் என்று நாலு நாடும் சேர்ந்த இந்த அணியில் சுரங்கத்திலிருந்து வந்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் டாக்டர், வக்கீல், பட்டாளத்து அதிகாரி. எல்லோரும் என்னைக் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "ப்ராசர், நீ கரி வெட்டுறவனாமே, கையைக் காட்டு" என்றார் ஒரு டாக்டர். காட்டினேன். "இதுல மாட்டினவன் கதி அதோகதிதான்" என்றார். இப்போது அவர்தான் என் அறைத்தோழர்.

வேல்ஸுக்காக முதல்முறை சிவப்புச் சட்டை போடுவதற்கு முந்தின ராத்திரி நான் தூங்கவே இல்லை. இங்கே நன்றாகத் தூங்குகிறேன். இருபத்தேழாம் தேதி வெலிங்டனில் நியூசிலாந்து அணியோடு டெஸ்ட் ஆட்டம்.

நான் இல்லாத நேரத்தில் என் வேலை போய்விடக் கூடாது என்று தம்பி ஹெவின் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கிறான். மேலே விளக்கறையில் சுரங்கக்காரர்களுக்கு விளக்கு எடுத்துக் கொடுத்துக்கொண்டு சுகமாக இருந்த பையன். அவனிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் மகன்
இத்வல்

*

கும் ஹெலிக், வேல்ஸ்
12 ஜூன் 1953

அன்பு மகன் இத்வலுக்கு,

கடிதம் வந்தது. ஒரு பக்கம் எழுத உனக்குப் பத்து நாள் ஆகிறது என்று அம்மா குறைப்படுகிறாள். காதுக்கு மருந்து போட்டாயா என்று கேட்கிறாள். போட்டேன் என்று பொய்யாவது எழுது.

ஹெவின் உன் இடத்தில் நன்றாகவே வெட்டுகிறான். வாய்தான் அடங்கவில்லை. "அண்ணன் ஊர் சுத்தறான், நான் அவன் புழுதியைத் தின்னுட்டிருக்கேன்" என்று ராத்திரிச் சாப்பாட்டில் புலம்புவான். அப்புறம் செய்தித்தாளில் உன் பெயரைத் தேடி, கிழித்து, சட்டைப்பையில் வைத்துக்கொள்வான்.

தேவாலயத்தில் உனக்காக ஜெபித்தோம். ஜெயிக்க அல்ல; பத்திரமாக வர.

அப்பா

*

வெலிங்டன்
28 ஜூன் 1953

அப்பா,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. புதன்கிழமை அணி மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். சுரங்கத்தில் கூரை சரிந்துவிட்டது, ஹெவின் அதில் போய்விட்டான் என்றார். அவர் வாய் அசைவது தெரிந்தது. வெகுநேரம் எதுவும் காதில் விழவில்லை.

ஊருக்குப் போகிறேன் என்று எழுந்தேன். "உங்கப்பா அப்படி நினைக்கல, ப்ராசர். மகன் அங்கேயே இருந்து ஆடட்டும்னு தந்தி கொடுத்திருக்கார்" என்றார். நீங்கள் அப்படித்தான் சொல்வீர்கள் என்று எனக்கும் தோன்றியது.

ஆடினேன், அப்பா. கடைசியில் மூன்று பேரை உதறிவிட்டு ஓடி, எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினேன். ஜெயித்தோம். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். மேலே இருந்தபடியே அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறான் என்று கைதட்டினார்கள்.

ஆடச் சொன்னதற்கு நன்றி. இல்லையென்றால் எனக்குத் தைரியம் வந்திருக்காது. அம்மா எப்படி இருக்கிறாள்?

இத்வல்

*

கும் ஹெலிக்
8 ஜூலை 1953

இத்வல்,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பிறகு அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பின் முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நான் அப்படிச் சொல்லவில்லை.

நான் கொடுத்த தந்தி: "ஹெவின் இறந்துவிட்டான். இத்வலை விமானத்தில் அனுப்புங்கள். அடக்கத்தை நிறுத்தி வைக்கிறேன்." வியாழக்கிழமை உன் மேனேஜரிடமிருந்து பதில் வந்தது: "ஆழ்ந்த அனுதாபங்கள். உங்கள் மகன் இங்கேயே இருந்து ஆட விரும்புகிறான்."

என் மகன் அப்படிச் சொல்ல மாட்டான் என்று போதகரிடம் சொன்னேன். மூடிய சவப்பெட்டியை முன்னறையில் வைத்துக்கொண்டு, வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்ப் பார்த்தேன். சனிக்கிழமை காலை ரேடியோவில் உன் பெயர் வந்தது. நீ ஜெயிக்க வைத்தாய் என்றார்கள். அம்மா எழுந்து ரேடியோவை நிறுத்தினாள். "எடுங்க. இனிமே யாருக்காகக் காத்திருக்கணும்?" என்றாள்.

இந்தப் பத்து நாளும் உன் பெயரை இந்த வீட்டில் யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று சொன்னவன் நான். இதை உன்னிடம் மறைக்க முடியவில்லை.

அப்பா

*

ஆக்லாந்து
18 ஜூலை 1953

அப்பா,

உங்கள் கடிதத்தோடு மேனேஜரிடம் போனேன். தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எங்கப்பா சொல்லாததைச் சொன்னதாச் சொன்னீங்களா, இல்லையா?" என்றேன்.

"சொன்னேன். நீ போய் என்ன செஞ்சிருப்பே? செத்தவன் எழுந்து வரப்போறதில்ல. இங்க டெஸ்ட் இருந்தது" என்றார். "ஒருநாள் எனக்கு நன்றி சொல்லுவே."

அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை, அப்பா. அதுதான் என்னை உலுக்கிவிட்டது. கத்தியிருந்தால் அடித்திருப்பேன். சர்க்கரைக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

அணிச் சட்டையைக் கட்டிலில் மடித்து வைத்துவிட்டு வெளியே வந்தேன். அறைத்தோழர் டாக்டர் மட்டும் துறைமுகம்வரை வந்தார். "உன் இடத்தில் நானாயிருந்தாலும் போயிருப்பேன்" என்று சொல்லிவிட்டு, மறுநாள் பயிற்சிக்குப் போனார். லண்டன் போகும் ஒரு சரக்குக் கப்பலில் சமையலறை வேலை கிடைத்திருக்கிறது. நாளை கிளம்புகிறேன்.

நானும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்: அவர் சொன்னதை ஏன் அவ்வளவு சுலபமாக நம்பினேன்? ஆட வேண்டும் என்று எனக்குள்ளும் இருந்ததா? அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம்.

இத்வல்

*

கும் ஹெலிக்
20 ஆகஸ்ட் 1953
(லண்டன் துறைமுகத்தில், கப்பல் அலுவலகத்தில் கொடுக்க)

அன்பு மகன் இத்வலுக்கு,

நீ வேண்டாமென்ற கடைசி வரிகளையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "ஆட ஆசை இல்லாதவனை யார் கப்பலேத்துவாங்க?" என்றாள். உன் படுக்கையை வெயிலில் போட்டு எடுத்து வைத்திருக்கிறாள்.

வேல்ஸ் ரக்பி சங்கத்துப் பெரியவர்கள் எனக்கு எழுதியிருக்கிறார்கள். அணியை விட்டு ஓடியது பெரிய குற்றமாம். நீ மன்னிப்புக் கேட்டால் குளிர்காலத்தில் வேல்ஸுக்கு ஆடலாமாம்; இல்லையென்றால் இனி எப்போதும் இல்லையாம். உன்னிடம் நான் எடுத்துச் சொல்ல வேண்டுமாம்.

படித்த வேகத்தில் பதில் எழுதினேன்: "என் மகன் மன்னிப்புக் கேட்க மாட்டான். இனி ஆடவும் மாட்டான்." உறையை ஒட்டித் தபால்பெட்டிவரை போய்விட்டேன். கையை உள்ளே விட்ட பிறகுதான் உறைத்தது. உன்னைக் கேட்காமல் உனக்காகப் பேசிய இன்னொரு ஆள் ஆகிவிட்டேனே என்று. உறையை விடாமல் கையை வெளியே இழுத்துக்கொண்டேன்.

கிழித்துப் போட்டுவிட்டேன். அவர்களுக்கு ஒரே வரி எழுதினேன்: "இத்வல் வந்து அவனே சொல்வான்."

ஆடினாலும் சரி, ஆடாவிட்டாலும் சரி. முதலில் ஹெவினைப் பார்க்கப் போவோம். கல்லறைக்குக் கல் இன்னும் வைக்கவில்லை. என்ன எழுதுவதென்று மூன்று பேருமாகப் பேசி முடிவு செய்யலாம்.

ரயில் எதுவென்று தந்தி கொடு.

அப்பா