ருசி பார்க்க ஆளில்லாத சாஸ்

என் செல்லச் சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. நான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் எனக்குப் பாதிக்குப் பாதி பொய்தான் வருகிறது. பரவாயில்லை, அடுத்த வாரம் வாங்க என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னேனே, அதுவும் அந்த ரகம்தான்.

முதலில் வீட்டு விஷயம். எதிர்மாடியில் இருக்கும் நர்ஸ் பெண் வேறு இடம் தேடுகிறாள். உன் அறையைக் கேட்டாள். நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம். கல்யாணமாகிப் போனவங்க அறையைச் சும்மா பூட்டி வெச்சு என்ன செய்யப்போறீங்க என்று நேருக்கு நேராகவே கேட்டுவிட்டாள். மாதக் கடைசிக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். உன்னைக் கேட்காமல் எப்படிச் சொல்ல?

இப்போது நான் அடித்த கூத்தைக் கேள். மாப்பிள்ளைக்குச் சுட்ட கோழி என்றால் உயிர், கூடவே இனிப்பும் புளிப்புமாக பார்பிக்யூ சாஸ் வேண்டும் என்று சொல்லியிருந்தாய். முதன்முதலாக விருந்துக்கு வருகிறவருக்குக் கடை பாட்டிலை வைத்து ஒப்பேற்ற மனசு வரவில்லை. சனிக்கிழமையே தக்காளியை வேகவைத்து அரைத்து, வெங்காயமும் பூண்டும் வதக்கி, வினிகர், வெல்லம், கடுகு விழுது, மிளகாய்த்தூள் எல்லாம் சேர்த்துச் சிறு தீயில் வைத்தேன். சின்னச் சட்டிதான்.

நாக்கில் வைத்தால் புளித்தது. வெல்லம் போட்டேன், திகட்டியது. வினிகர் விட்டேன், தொண்டையைப் பிடித்தது. சரி, இன்னும் நாலு தக்காளி. இப்படியே போய்ச் சாஸ் பெரிய குண்டானுக்குக் குடியேறிவிட்டது. பெயிண்ட் கடையில் கலர் கலக்கி வயிறு வளர்க்கிறவள் நான். நிறம் கூடிப்போனால் மேலே மேலே ஊற்றாதே, ஒரு டப்பா பத்து டப்பாவாகிவிடும் என்று புதிதாக வருகிற ஒவ்வொருவரையும் திட்டுகிறவள். ஊருக்குத்தான் உபதேசம்.

என் நாக்குக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. நாம் சமைத்தபோதெல்லாம் நான் கிண்டுவேன். நீ உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிவிட்டு, போதும்க்கா, இறக்கு என்பாய். உனக்கென்ன தெரியும் என்று சண்டை போட்டுக்கொண்டே இறக்கிவிடுவேன். நீ இல்லாமல் எங்கே நிறுத்துவது என்றே தெரியவில்லை. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். வெங்காயத்தின்மேல் பழி போடவும் வழியில்லை, அதை எப்போதோ வதக்கியாயிற்று.

மறுநாள் கோழியை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது உன் போன். அவருக்கு வேலை, வர முடியாது என்றாய். இது மூன்றாவது தடவை. நான் அவரைக் குறை சொல்லவில்லை. இந்த வயதில் கல்யாணமா என்று எல்லோரும் மூக்கில் விரல் வைத்தபோது முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். இன்றைக்கும் அதில் மாற்றமில்லை. ஆனால் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தால் வீடு காலியாக இருக்கிறதே, அதற்கு என்ன செய்ய?

சாஸை அக்கம்பக்கத்துக்குப் பாட்டில் பாட்டிலாகக் கொடுத்தேன். கடைக்கும் ஒரு பாட்டில் கொண்டுபோனேன். முதலாளி ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, நல்லாத்தாம்மா இருக்கு, சுவருக்கு அடிச்சா எத்தனை வருஷம் நிக்கும் என்று கேட்டார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். இன்னும் பாதிக் குண்டான் மிச்சம். முட்டைக்கும் அதுதான், உருளைக்கிழங்குக்கும் அதுதான்.

நர்ஸ் பெண்ணுக்குச் சரி சொல்லிவிடலாம் என்றுதான் இருக்கிறேன். பக்கத்து அறையில் ஒருவர் இருமினால்கூடப் போதும், ஆள் இருக்கிறது என்று தெரியும். உன் தையல் மிஷினும் துணிகளும் அப்படியே இருக்கின்றன, நீ வந்துதான் பிரித்து வைக்க வேண்டும். அவள் குடிவருவதற்கு முன்னால் ஒரு ராத்திரியாவது உன் கட்டிலில் படுத்துவிட்டுப் போ.

நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயது ஒற்றுமையாக இருக்க வேண்டும். மனசாரச் சொல்கிறேன். மாப்பிள்ளையை இன்னொரு நாள் முறையாகக் கூப்பிட்டு, குறையில்லாமல் விருந்து வைக்கிறேன். இந்த ஒரு தடவை மட்டும் நீ தனியாக வா.

உன் அக்கா