ஜம்முனு இருக்கேன்

செம்மண்டலம், கடலூர்
14.8.2011

அன்பு மகன் அன்பரசுக்கு அம்மா எழுதுவது. தோகாவில் நீயும் ரேகாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கு நாங்களும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அந்த வார்த்தையை நம்பி நீ முதுகைக் கொடுக்கப் போகிறாய் என்பதால் இந்த ஒரு தடவை எழுதவில்லை.

உனக்கும் இடுப்பில் டிஸ்க் விலகி நரம்பை அழுத்துகிறதென்றும், அப்பாவுக்குச் செய்த அதே சின்னத் துளை ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டாய் என்றும் ரேகா சொன்னாள். அப்பாவைப் போனில் கேட்டதற்கு, நான் ஜம்முனு இருக்கேன்டா, தைரியமா பண்ணிக்க என்றாராம். அவர் அப்படித்தான் சொல்வார். போன மாதம் அந்த டாக்டர், தன்னிடம் ஆபரேஷன் செய்துகொண்டு ஐந்தாறு வருடம் ஆனவர்களைச் சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரவழைத்தார். பலன் நீடிக்கிறதா என்று ஆராய்ச்சியாம். முதலில் பொன்னாடை போர்த்தினார், பிறகு மைக்கைக் கொடுத்து இப்ப எப்படி இருக்கீங்க என்று கேட்டார். பொன்னாடையை வாங்கிக்கொண்டு வலிக்கிறது என்று சொல்லும் மனிதர் நம் ஜில்லாவில் இன்னும் பிறக்கவில்லை. உங்க புண்ணியத்துல ஜம்முனு இருக்கேன் டாக்டர் என்றார் அப்பா. எல்லோரும் கைதட்டினார்கள். மேடையிலிருந்து அவரை இறக்க இரண்டு பேர் பிடித்தார்கள், அது வயதினாலாம். பந்தியில் கீரப்பாளையத்து அமிர்தம் அக்கா என்னிடம், எனக்கு செத்த நேரம் உக்காரவே முடியல தைலம்மா, ஆனா அவுரு மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றது, பாவம்ல என்றாள். அவளும் மேடையில் ஜம்மென்றுதான் இருந்தாள். ஆக, வந்தவர்கள் அத்தனை பேருக்கும் பூரண குணம். வராதவர்களைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

உள்ளதைச் சொல்கிறேன். முதல் மூன்று வருடம் நிஜமாகவே நன்றாக இருந்தார், சைக்கிளில் மஞ்சக்குப்பம் போய் மீன் வாங்கி வந்தார். பிறகு அதே இடத்தில் மறுபடி பிதுங்கிவிட்டது. இப்போது இடது பாதத்தைத் தூக்க முடியவில்லை, அதில் உணர்ச்சியும் இல்லை. மாதா கோயிலில் பூசை முடிந்து, இடது செருப்பு கழன்றது தெரியாமல் ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்தார், காலில் கண்ணாடி குத்தியிருந்ததை ரத்தத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன். அப்போதும் ஒண்ணுமில்ல என்றார்.

ஆபரேஷன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதை உன் டாக்டரோடு பேசி முடிவு செய். அப்பாவின் பதிலை நம்பிச் செய்யாதே. அதுவரை குனிந்து வாளி தூக்காதே.

மாதா உன் முதுகுக்குத் துணையிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்யும்போது அப்பாவை எப்படி இருக்கீங்க என்று கேட்காதே. செல்லைக் கையில் பிடித்தபடி வாசல் கேட்டு வரைக்கும் நடந்து போகச் சொல். நீ ஒன்றும் பேசாமல் அவர் கால் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிரு.

உன் அம்மா,
அ. தைலம்மாள்