வெளுப்பு என்று எழுதினேன்

12 பிப்ரவரி 2001, பந்தலூர்

இன்று ஐந்து பேட்டி. ஐந்து வீட்டிலும் பிளேன் டீ, ஐந்து வீட்டிலும் பால் இல்லையே என்று வருத்தம். தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டு கடைத்தூளில் டீ போட்டுத் தருகிறார்கள்.

பத்திரத்தில் லின்வுட் எஸ்டேட். ஜனங்கள் வாயில் பூனைமலைத் தோட்டம். தேயிலை விலை படுத்ததும் முதலாளி ஃபாக்டரியைப் பூட்டிவிட்டுச் சென்னைக்குப் போய் மூன்று மாதம் ஆகிறது. வேலை போன பெண்களிடம் நான் கேட்பது: பவுடர் போடுவீர்களா? பூ வைப்பீர்களா? யாரை அழகி என்பீர்கள்? முப்பத்திரண்டு கேள்விகள். கேட்கும்போது சில சமயம் எனக்கே கூச்சமாக இருக்கிறது.

கருணாகரன் சாரிடம் சொன்னேன். அவர் என் பிஎச்.டி. வழிகாட்டி, கேள்வித்தாளும் அவருடையது. "பசியைப் பத்தி எல்லாரும் கேக்கறாங்க ராஜகுமாரி. பசியில இருக்கறவங்க கண்ணாடியில என்ன பாக்கறாங்கன்னு யாரும் கேக்கலை" என்றார். அதுவும் நியாயம்தான்.

ஆய்வுக்குப் பணம் கோவை அறக்கட்டளை ஒன்று தருகிறது. இந்தப் பெண்களுக்கு என்ன உதவி செய்யலாம் என்பதை எங்கள் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள்.

15 பிப்ரவரி

பேச்சி அக்காவுடன் பேட்டி. ஐம்பது வயதிருக்கும். இலங்கையில் அப்புத்தளைப் பக்கம் பிறந்து, இருபத்திரண்டு வயதில் கப்பலேறி வந்தவர். என்னை 'நோனா' என்கிறார். அவர்கள் பக்கத்தில் துரைவீட்டு அம்மாவைச் சொல்கிற வார்த்தையாம். மரியாதையா, கிண்டலா? இரண்டும் என்று நினைக்கிறேன்.

என் கேள்விகளை முடிக்க விட்டுவிட்டு அவர் ஒன்று சொன்னார். "நோனா, செடியெல்லாம் மரமாகிக்கிட்டு இருக்கு. உதவி பண்றவங்ககிட்ட சொல்லி, கொழுந்து பறிச்சுக்கலாம்னு மொதலாளிகிட்ட ஒரு கடுதாசி வாங்கித் தரச் சொல்லுங்க. ஒரு தராசு, கொழுந்து ஏத்த ஒரு ஜீப்பு. நாங்களே பறிச்சு வேற ஃபாக்டரிக்குப் போட்டுக்குவோம். பவுடரு பூசறதை அப்புறம் பாப்போம்."

கேள்வித்தாளில் இதற்கு இடமில்லை. 'பிற குறிப்புகள்' என்ற கட்டத்தில் எழுதினேன். கட்டம் ஒன்றரை அங்குலம். அதற்குள் சுருக்கி எழுதினேன்.

21 பிப்ரவரி

கேள்வி 14: 'கண்ணாடி பார்க்கும்போது உங்களுக்கு எந்த நினைப்பு அதிகம் வருகிறது?'

இன்று எட்டுப் பேரில் ஆறு பேர் ஒரே பதில். "வெளுப்பு நெனப்புதான்." ஒருத்தி சொன்னாள்: "எந்நேரமும் வெளுப்பு நெனப்புதான் அக்கா. ராத்திரி தூக்கம் வரல்லை."

எழுதிக்கொண்டேன். மேற்கொண்டு கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா?

4 மார்ச், குன்னூர்

வீட்டுக்கு வந்திருக்கிறேன். அம்மா அப்பாவிடம் அடுக்களையிலிருந்து சொன்னது எனக்குக் கேட்க வேண்டும் என்றே சொன்னது. "ஏனுங்க, அந்த மேட்டுப்பாளையத்துக்காரங்க வேண்டாம்னுட்டாங்களாமா. புள்ளை படிப்பெல்லாம் சரிதானாமா, கலர்தான் கொஞ்சம் கம்மியாமா."

அப்பா கடைக்குக் குடைக்கம்பி வந்திருக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டார்.

இது நான்காவது. முதல் தடவை அழுதேன். இப்போது ஒரு சமூகவியல் தகவலாகப் பதிவு செய்கிறேன்: மணமகன் தரப்பு, நான்கில் நான்கு, காரணம் நிறம். பார்த்துவிட்டுப் போனவர்களில் இரண்டு பேர் என்னைவிடக் கறுப்பு என்பதையும் பதிவு செய்கிறேன்.

23 மார்ச், கோவை

அட்டவணை ஏழு முடிந்தது. நாற்பத்தொரு பெண்களில் இருபத்தொன்பது பேர் 'வெளுப்பு'. குறியீடு 3: சிவந்த நிறத்தின் மீது விருப்பம்.

சாருக்குத் தாங்க முடியாத சந்தோஷம். "வேலையில்லை, சோறில்லை. அப்பவும் இவங்களை ஆட்டி வைக்கறது நிறம்! பாத்தீங்களா?" செப்டம்பரில் டெல்லிக் கருத்தரங்கில் வாசிக்கப்போகிறார். என் பெயரும் கட்டுரையில் இருக்கும்.

எனக்கும் சந்தோஷம்தான். நான் மட்டும் இல்லை, அவர்களும் அப்படித்தான் என்றொரு ஆறுதல். அது எப்படிப்பட்ட ஆறுதல் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

9 மே, பந்தலூர்

அறக்கட்டளையின் முடிவு வந்துவிட்டது. மூன்று மாத அழகுக்கலைப் பயிற்சி, கூடலூரில், முப்பது பெண்களுக்கு. 'ஆய்வில் வெளிப்பட்ட அழகு ஆர்வத்தை வாழ்வாதாரமாக மாற்றும் முயற்சி.' ஜூலையில் ஆரம்பம். தராசு, ஜீப், கடிதம் பற்றி ஒரு வரி இல்லை.

செய்தியைச் சொல்லும் பொறுப்பு என் தலையில்.

11 மே

சொன்னேன். லயத்து வரிசைவீடுகளின் வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர். ஒருத்தி, "யாருக்கு அலங்காரம் பண்றது? ரத்தம் குடிக்கிற அட்டைக்கா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன்.

பேச்சி அக்கா சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "உனக்குப் பொறந்ததுல இருந்தே வெளுப்பு, நோனா. குடுத்து வச்சவ."

எனக்குச் சுரீரென்றது. என்னைப் பார்த்து — இத்தனை பேர் நடுவில் — நான் வெளுப்பா? இந்தம்மாவுக்கும் நான் என்ன கெடுதல் செய்தேன்? "கிண்டல் பண்ணாதீங்க அக்கா" என்று கத்தியேவிட்டேன்.

அவருக்கு விளங்கவில்லை. தன் கையை என் கைக்குப் பக்கத்தில் நீட்டினார். "இது ஆறு மாச வெளுப்பு. முன்னெல்லாம் இந்த வெரலு கரிக்கட்டையாட்டம் இருக்கும். கொழுந்துக் கறை சோப்புக்கெல்லாம் போவாது. வேலை இருக்கவரை கையி கறுப்பு. வேலை போனா வெளுத்துரும். தலைசீவக் கையைத் தூக்குனா கண்ணாடியில அதுதானே மொதல்ல தெரியுது?"

பக்கத்திலிருந்தவள் விளக்கிச் சொன்னாள். "பக்கத்துத் தோட்டத்துல எட்டு மாசமா வெளுப்பு அக்கா. நமக்கு ஆறு."

12 மே

எதுவும் எழுதத் தோன்றவில்லை.

13 மே

எழுதித்தான் ஆக வேண்டும்.

வெளுப்பு என்றால் வேலை இல்லை. இருபத்தொன்பது பேர் என்னிடம் வேலை இல்லை, வேலை இல்லை, தூக்கம் வரவில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். நானோ, அவர்கள் சிவப்பாக ஆசைப்படுகிறார்கள் என்று எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை, "வெளுப்புன்னா என்னங்க?" என்று கேட்டிருந்தால் போதும். முதல் வகுப்பிலேயே சொல்லித் தரும் பாடம். மாணவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்த பாடம்.

ஏன் கேட்கவில்லை? மேட்டுப்பாளையத்துக்காரர்கள் பதில் சொல்ல நான் காத்திருந்த மாதம் அது. அந்த வார்த்தை காதில் விழுந்தாலே சட்டென்று எழுதி மூடிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன். என் புண்ணைப் போய் அவர்கள் கணக்கில் எழுதிவிட்டேனே — சே.

16 முதல் 19 மே

இருபத்தொன்பது பேரிடமும் மறுபடி போனேன். ஒரே கேள்வி. சாருக்குச் சொல்லவில்லை.

இருபத்தாறு பேர் கையை நீட்டிக் காட்டினார்கள். இரண்டு பேர் முகமும்தான் என்றார்கள். ஒருத்தி மட்டும் கையைக் காட்டவே இல்லை. ரேகா, இருபது வயது, பேச்சி அக்காவின் கடைசி மகள்.

"நான் மூஞ்சியைத்தான் சொன்னேன். நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள். தண்ணீர்ப் பைப்படியில், அவள் அம்மா காதில் விழாத தூரத்தில். "எனக்கு அந்தக் கறையே வேண்டாம் அக்கா. அந்தக் கோர்ஸைக் கெடுத்துடாதீங்க. இந்த மலையை விட்டுப் போறதுக்கு எனக்கு வேற வழி இல்லை."

முகத்தைக் கவனித்தேன். களையான முகம், என் நிறம்தான்.

இருபத்தாறும் ஒன்றும். ஒரு கூட்டல் கழித்தலில் முடிகிற சமாச்சாரமாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

24 மே, கோவை

சாரிடம் சொன்னேன். கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாகப் போயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்ப இன்ட்ரஸ்டிங். தனிக் கட்டுரையே எழுதலாம். ஆனா அறிக்கை போயாச்சு. அவங்க சொன்ன வார்த்தையைத்தானே நீங்க எழுதினீங்க?"

"வார்த்தை சரிங்க சார். அர்த்தம் என்னுது."

"எல்லா டேட்டாவுலயும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். இப்பத் திருத்தினா அறக்கட்டளைக்காரங்க அடுத்த தடவை நம்மை நம்ப மாட்டாங்க. உங்க தீசிஸையும் யோசிச்சுக்கோங்க."

மிரட்டலாகச் சொல்லவில்லை. ஒரு பெரியவரின் அக்கறையோடுதான் சொன்னார்.

31 மே

இன்னும் முடிவெடுக்கவில்லை. அறக்கட்டளைக்கு உண்மையை எழுதினால் சார் என்னைக் கைவிடுவார், ரேகாவின் பயிற்சி போகும். எழுதாவிட்டால் இருபத்தாறு பேர் கூடலூரில் உட்கார்ந்து புருவம் திருத்தக் கற்றுக்கொள்வார்கள், செடி மரமாகும். எனக்குப் பட்டம் கிடைக்கும். சரி, அதற்கப்புறம் மாணவர்களிடம் போய் என்னத்தைச் சொல்லிக் கொடுப்பது?

2 ஜூன்

அறக்கட்டளைக்கு நேரடியாக எழுதித் தபாலில் சேர்த்தேன். நான்கு பக்கம். தவறு என்னுடையது என்பது முதல் வரி. தராசு, ஜீப், முதலாளியின் கடிதம் என்பது கடைசி வரி. கட்டம் எதுவும் போடவில்லை. ஒரு பிரதி சாருக்கு.

6 ஜூன், பந்தலூர்

ரேகாவிடம் நானே சொன்னேன். "ஓஹோ" என்றாள். அவ்வளவுதான். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

19 ஜூலை

மழை, மழை. சாரிடமிருந்து இரண்டு வரி: டெல்லிக் கட்டுரையில் என் பெயர் இல்லை, வேறு வழிகாட்டி பார்த்துக்கொள்வது இருவருக்கும் நல்லது. கையெழுத்து எப்போதும் போல் அழகாக இருக்கிறது.

கூடலூர்ப் பயிற்சி 'தேதி குறிப்பிடாமல் தள்ளிவைப்பு'.

16 ஆகஸ்ட்

அறக்கட்டளையிலிருந்து ஒருவர் வந்தார். ஷூவுக்குள் அட்டை ஏறி, பாதிப் பேச்சில் துள்ளி எழுந்தார். பேச்சி அக்கா உப்பு எடுத்து வந்தார். அதற்குப் பிறகு பேச்சு சுலபமாக நடந்தது. எல்லோரும் வரிசையாகக் கையை நீட்டிக் காட்டினார்கள். அவரும் எதற்கோ தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பயிற்சி ரத்து. முதலாளியிடம் பேசுகிறார்களாம். தராசு உண்டு. ஜீப் சந்தேகம்.

3 செப்டம்பர்

ஹாஸ்டல் சிநேகிதி ஒருத்தியின் அக்கா கோவையில் பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். ரேகாவுக்காகக் கேட்டேன். கூட்டித் துடைக்க ஆள் வேண்டும், கூடவே தொழிலும் கற்றுத் தருகிறேன் என்றாள். இன்று பஸ் ஏற்றிவிட்டேன். ஜன்னல் வழியாக ரேகா கொஞ்சம் சிரித்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக எனக்கு நன்றாகத் தூக்கம் வரும்போல் இருக்கிறது.

8 அக்டோபர்

முதலாளியின் கடிதம் ஆகஸ்ட் கடைசியிலேயே வந்தது, இப்போது தராசும் வந்தது. ஜீப் இல்லை. காய்கறி வண்டிக்காரர் ஒருவர் திரும்பும்போது கொழுந்தை ஏற்றிக்கொள்கிறார். போன மாதம் முழுக்கச் செடியை வெட்டி இறக்கினார்கள். வெட்டாமல் விட்ட கீழ்மலையில் இன்று முதல் பறிப்பு. விலை இன்னும் படுத்தேதான் கிடக்கிறது. ஆனாலும் பறிக்கிறார்கள்.

நானும் ஒரு மணி நேரம் பறித்தேன். "நோனா, ரெண்டு எலை ஒரு கொழுந்து. முத்தலைப் பறிச்சுக் கூடையைக் கெடுக்காதே" என்று அக்கா என் கூடையிலிருந்து பாதியை எடுத்து எறிந்தார்.

28 அக்டோபர், குன்னூர்

ஐந்தாவது மாப்பிள்ளை வீட்டார், ஊட்டிக்காரர்கள். காபித் தட்டை நீட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா என் விரலைப் பார்த்தார். "கையெல்லாம் ஏனுங்க இப்படிக் கறை?" மூன்று வாரமாகப் போய்ப் பறிக்கிறேனே. கோவையில் ஒரு பேராசிரியை பிஎச்.டி.க்கு என்னைச் சேர்த்துக்கொண்டார், அவர்தான் பறித்துப் பார்க்கச் சொன்னார்.

"வேலைங்க" என்றேன்.

அம்மா அடுக்களைக்குள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. அழுகை என்று நினைத்தேன். எதற்கு நினைப்பது என்று போய்க் கேட்டேன். சிரிப்பாம். "அந்தம்மா மூஞ்சி போன போக்கைப் பாத்தியா கண்ணு!"

17 நவம்பர், பந்தலூர்

பேச்சி அக்காவின் விரல் கறுத்துவிட்டது. பெருவிரல் வெடிப்பில் மையிட்டது மாதிரி கோடு. எனக்குக் காட்டிவிட்டு அந்தக் கையாலேயே டீ கொடுத்தார். இன்று பால் இருந்தது.

அறைக்குத் திரும்பினால் ரேகாவிடமிருந்து கார்டு. முதல் கார்டு. மூன்றே வரி.

'அக்கா, நல்லா இருக்கேன். இங்க வந்து எனக்கு வெளுத்துப் போச்சு. அம்மாகிட்ட சொல்ல வேண்டாம்.'

நான்கு தடவை படித்தேன். மூஞ்சியா, கையா? ஆசைப்பட்டது கிடைத்துவிட்டதா, வேலை போய்விட்டதா? கார்டில் பார்லர் முகவரிதான் இருக்கிறது. அம்மாவிடம் சொல்லாதே என்பது வெட்கமா, பயமா? இரண்டு பக்கமும் அடித்துச் சொல்ல என்னால் முடியும். அதுதான் பயமாக இருக்கிறது.

அர்த்தம் எழுதவில்லை. காலை ஐந்தரை மணிக்குக் கோவைக்கு முதல் பஸ். நேரில் போய்க் கேட்டுவிட்டு வருகிறேன்.