எண்ணை மட்டும் மாற்றினார்கள்

பாப்பா அம்மாவுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? என் அம்மா வேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் எங்கள் ஆலையில் வேலை முடிந்ததும் இங்கிலீஷ் கிளாஸ் நடக்கிறது. நேற்று டீச்சர் சர்ப்ரைஸ், பஸில், பேஃபில் என்று போர்டில் எழுதினார். நினைத்ததற்கு மாறாக நடந்தாலோ, ஒன்று புரியாமல் போனாலோ சொல்லும் வார்த்தைகளாம். ஆளுக்கொரு வாக்கியம், சொந்த வாழ்க்கையிலிருந்து சொல்ல வேண்டும்.

"நமக்கு என்னத்தப்பா ஆச்சரியம்? போர்வை வெள்ளையா வந்தா அதுதான்" என்றார் இஸ்திரி மெஷின்காரர். எல்லாரும் சிரித்தோம்.

என் முறை வந்தது. இரண்டு வருடத்தில் ஊர் திரும்பிவிடலாம் என்று வந்தேன், ஆறு வருடம் ஆனது எனக்கே புரியவில்லை என்று இங்கிலீஷில் சொன்னேன். "வெரி குட்" என்று டீச்சர் அதை போர்டில் எழுதினார். எல்லாரும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள், ஆறை மட்டும் மாற்றி. இஸ்திரி மெஷின்காரர் பதினொன்று என்று போட்டார்.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நீ கவலைப்படாதே.

பாப்பாவின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்பு வாங்க வேண்டும். என்னிடம் இருக்கும் பழைய தாளில் அவள் பாதம் என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.

ஆலை வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

பாப்பா அப்பா